பாத்திரத்தின் அடியில் மிச்சமிருந்த நீர்

இராஜகிருகத்துக்கு அருகே அம்பலட்டிகை என்ற இடத்தில் தங்கியிருந்த மகன் இராகுலனைப் பார்க்கப் புத்தர் போன கதை, மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆவது சூத்திரத்தில் இருக்கிறது. கால் கழுவ மகன் வைத்த நீரில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டு, பாத்திரத்தின் அடியில் கொஞ்சத்தை மட்டும் விட்டுவைக்கிறார். இந்த மிச்சத்தைப் பார்க்கிறாயா என்று கேட்கிறார். அறிந்தே பொய் சொல்லக் கூசாதவனிடம் துறவு இவ்வளவுதான் மிஞ்சும் என்பது பாடம். பிறகு அந்த மிச்சத்தையும் கொட்டுகிறார், பாத்திரத்தைக் கவிழ்க்கிறார், நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டுகிறார். ஒவ்வொரு நிலையிலும் அதே கேள்வி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன், துறவிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டு மனங்கொள்ள வேண்டியவை என்று சில உபதேசங்களைப் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டுவித்தான். ராஜஸ்தானத்துப் பைராட்டில் கிடைத்த அந்தக் கல்லில், பொய்யைப் பற்றி இராகுலனுக்குச் சொன்னது என்று ஓர் உபதேசம் தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. மீந்திருப்பது எவ்வளவு என்ற கேள்வியையும் பொய் என்ற குற்றத்தையும் ஒரே பாத்திரத்தில் வைத்த இந்தக் கதையை, கைபேசியின் மூலையில் தெரியும் எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கலாம். பற்றரியில் மீதி 20 சதவீதம் என்கிறது அந்த எண். அது யாருடைய சொல்? அது பொய்யாக இருக்க முடியுமா? இருந்தால் பொய்த்தவர் யார்? தலதா மாளிகையின் மணியோசை கேட்கும் கண்டியில் இதைக் கேட்பது பெரிய விஷயத்தைச் சின்னப் பொருளில் ஏற்றுவதாகச் சிலருக்குப் படலாம். புத்தர் ஏற்றியது கால் கழுவிய நீரில்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பற்றரியில் மீதமிருப்பதை எவரும் கண்ணால் பார்ப்பதில்லை. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குள் கோலை விட்டு அளக்கலாம். லித்தியம் அயன் கலத்தில் அப்படி ஒரு மட்டம் கிடையாது. காரீய அடுக்குகளுக்குள் லித்தியம் அயன்கள் புகுவதுதான் மின்னேற்றம், அங்கிருந்து வெளியேறுவதுதான் மின்னிறக்கம். வெளியிலிருந்து அளக்கக் கிடைப்பவை முனைகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்தமும், ஓடும் மின்னோட்டமும், சூடும்தான். வழக்கமான கலம் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், ஏறத்தாழத் தீர்ந்தபோது 3 வோல்ட்; இடையில் அழுத்தம் எங்கே நிற்கிறது என்பதை வைத்து மீதியை மதிப்பிடலாம். ஆனால் திரை பிரகாசமாக எரிந்து, அழைப்பும் போய்க்கொண்டிருக்கையில் கலத்தின் உட்தடையால் அழுத்தம் தாழ்ந்துவிடும். சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி எழும். அதனால் இன்னொரு வழியையும் கையாள்கிறார்கள். மில்லிஓம் கணக்கிலான ஒரு சிறு தடையின் வழியே மின்னோட்டத்தைப் போகவிட்டு, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கடைக்காரர் கடன் கொப்பி எழுதுவதுபோல் எழுதிக்கொண்டே வருவது. கொப்பியில் விழும் சிறு பிழைகள் நாளுக்கு நாள் சேரும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. சதவீதம் என்றால் வகுக்க ஓர் எண் வேண்டும். அந்த எண்ணாகிய முழுக் கொள்ளளவு, கலத்துக்கு வயதாக ஆகச் சுருங்கிக்கொண்டே போகிறது, அதையும் மதிப்பிடத்தான் முடியும். ஒரு மதிப்பீட்டை இன்னொரு மதிப்பீட்டால் வகுத்து வந்த விடையைத்தான் திரை, எந்தத் தயக்கமும் இல்லாமல், 20 என்கிறது.

கண்ணால் பார்ப்பதற்கும் மதிப்பிடுவதற்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் பழைய பெயர்கள் இருக்கின்றன. கண்ணகி பத்தினித் தெய்வமாகத் தலதா மாளிகைக்கு அருகே கோயில் கொண்டிருக்கும் ஊரில், கோவலனின் மகள் பெயரால் வழங்கும் காப்பியத்தைத் துணைக்கு அழைப்பது பொருத்தந்தான். மணிமேகலையின் 29ஆவது காதையில் பௌத்த ஆசானாகிய அறவண அடிகள், அறிவுக்கு வழி இரண்டே என்று தொடங்குகிறார்: ஒன்று காட்சி, மற்றது கருத்தளவு, அதாவது கண்டதைக்கொண்டு காணாததை ஊகிப்பது. பிற சமயத்தார் பத்து அளவைகள் வரை நீட்டிய பட்டியலைப் பௌத்த அளவை நூலார் இரண்டில் முடித்துக்கொண்டார்கள். பிறகு கருத்தளவு எங்கெல்லாம் தவறும் என்பதை விரிவாகச் சொல்கிறார்கள். ஆவியா பனியா என்று ஐயம் தீராத ஒன்றைப் புகை என்று கொண்டு, அங்கே நெருப்பு உண்டு எனத் துணிவது அந்தத் தவறுகளில் ஒன்று. ஹந்தானை மலைச்சரிவில் விடியற்காலையில் படர்ந்து நிற்கும் வெண்மையைப் பார்த்தவர்களுக்கு இந்த உதாரணத்தை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு தவறு அநைகாந்திகம். காட்டிய ஏது ஒரு பக்கம் மட்டும் சாயாமல் இரு பக்கமும் பொருந்தி நிற்பது. சூரிய விளக்குகளில் இப்போது பரவலாக வரும் லித்தியம் இரும்பு பொசுபேற்றுக் கலம் இதற்கு அச்சான உதாரணம். அதன் அழுத்தம் பெரும்பகுதி நேரம் 3.2, 3.3 வோல்ட்டிலேயே ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அந்த அழுத்தம் 70 சதவீதத்துக்கும் பொருந்தும், 30 சதவீதத்துக்கும் பொருந்தும். அழுத்தத்தை மட்டும் ஏதுவாகக் கொண்டு மீதியைத் துணிகிற விளக்கு, அறவண அடிகளின் பட்டியலில் பெயரோடு இடம்பெற்ற பிழையைச் செய்கிறது. என் வாதம் இங்கிருந்து புறப்படுகிறது: மீதி எவ்வளவு என்று காட்டும் எண் கருத்தளவு; அது காட்சியின் உடையில் வருகிறது. அந்த உடையைத் தைத்தவர்களுக்கு வாய்மை பற்றிய கடமை ஒன்று இருக்கிறது.

உடை தைப்பது என்று சொல்வது மிகையல்ல. எசல பெரஹராவில் கொப்பரா எரியும் இரும்புக் கூடைகளைத் தூக்கிவருபவர்கள், தீ தாழ்வதைக் கண்டு கொப்பராவை அள்ளிப் போடுகிறார்கள். பக்கத்தில் நடக்கும் யானையின் போர்வையில் எரிகிற சிறு மின்குமிழ்கள் அப்படி எதையும் காட்டிக்கொள்வதில்லை. பழைய டோர்ச் லைட் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. பற்றரி இளைக்க இளைக்க அதன் வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, மங்கியது. தன் முதுமையைத் தானே வெளியில் சொன்னது. இன்றைய டோர்ச்சுக்குள் இருக்கும் சீராக்கிச் சுற்றின் வேலையே அந்த மங்கலை மறைப்பதுதான். கலத்தின் அழுத்தம் 4.2இலிருந்து 3.2க்குச் சரிந்தாலும் குமிழுக்குப் போகும் மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும். கடைசி நிமிடம் வரை முழு வெளிச்சம், பிறகு இருட்டு. பொறியியலாக இது மேன்மை. கைபேசிக்குள் இருக்கும் நுண்சில்லுகளுக்கு 1.8 வோல்ட் என்றால் 1.8 வோல்ட்தான் வேண்டும், மங்கிய மின்சாரத்தில் அவை கணக்கை மறந்துவிடும். ஆனால் சீராக்கி வந்ததோடு பொருளே தன் நிலையைச் சொல்லும் வழக்கம் நின்றுபோயிற்று. முன்பு காட்சியாக இருந்ததை நாம் எடுத்துவிட்டோம். அதன் இடத்தில் ஓர் எண்ணை வைத்தோம். காட்சியை எடுத்தவருக்கு, பதிலாக வைத்த சொல் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு கூடுதலாக உண்டு. தானே பார்க்கக்கூடியவனிடம் சொல்லும் தவறான செய்திக்கும், பார்க்க வேறு வழியே இல்லாதவனிடம் சொல்லும் தவறான செய்திக்கும் கனம் ஒன்றல்ல.

அந்த எண்ணின் இரு கரைகளையும் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 0 என்று காட்டி அணையும் கைபேசியின் கலம் வெறுமையாக இருப்பதில்லை. அழுத்தத்தை வெகு கீழே, 2 வோல்ட்டுக்கும் தாழ்வாகப் போகவிட்டால் எதிர்முனையைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுஞ்சுற்றை உண்டாக்கலாம். அதனால் 3 வோல்ட்டை ஒட்டியே கதவைச் சாத்திவிடுகிறார்கள். அணைவதற்கு முன் நினைவகத்தில் எழுத வேண்டியதை எழுதி முடிக்கவும், அணைந்த பிறகு கடிகாரம் ஓடவும் கொஞ்சம் தேவை. மேற்கரையும் அப்படியே. 100 என்பது கலம் இனி ஏற்கவே ஏற்காத நிலை அன்று. இதற்குமேல் ஏற்றினால் ஆபத்து, ஆயுளும் குறையும் என்று உற்பத்தியாளர் கோடு கிழித்த இடம். நிறைந்த நிலையில் சூட்டோடு கிடக்கும் கலம் விரைவில் கிழடாகிறது என்பதால் 80இலேயே நிறுத்தும் வசதியையும் இப்போது தருகிறார்கள். இந்த ஒதுக்கி வைத்தலை நான் குறை சொல்லவில்லை, அது ஒழுக்கம். தேரகாதையில் சாரிபுத்தர் துறவிக்குச் சொல்லும் உணவு முறை இதேதான்: வயிறு நிறைய இன்னும் நான்கைந்து கவளம் இருக்கும்போது நிறுத்தித் தண்ணீரைக் குடித்துவிடு. பாத்திரத்தில் மிச்சம் வைத்ததற்காகப் புத்தரையும் எவரும் குறை சொல்லவில்லை. அவர் மிச்சத்தை வைத்தார், மகனுக்குக் காட்டினார். நம்முடைய கருவிகள் வைக்கின்றன, காட்டுவதில்லை. வைப்பதும் மறைப்பதும் ஒரே செயலின் இரு பெயர்கள் என்று பொறியியல் பழகிவிட்டது. அறவியல் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இங்கே கோரிக்கை.

மறைப்பு இன்னும் ஆழமாகவும் போகிறது. மீதியைக் கணக்கிடும் சில்லுக்குப் புதிய தகவல் கிடைத்ததும் தன் பழைய கணக்கு தவறென்று தெரியவரும். 31 என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் 36 என்று திருத்தத் தோன்றும். சார்ஜில் இல்லாத கைபேசியின் எண் திடீரென ஏறினால் பார்ப்பவர் குழம்புவார். ஆகவே வெளியே 31ஐ அப்படியே நிறுத்தி, கணக்கு வந்து சேரும்வரை மெல்ல நகர்த்துகிறார்கள். இத்தகைய சில்லுகள் சிலவற்றில் வடிகட்டிய எண், வடிகட்டாத எண் என்று இரண்டும் தனித்தனியே பதிவாகின்றன. தன் நெஞ்சு அறிந்த ஒன்றைப் பொய்த்தால் அந்த நெஞ்சே சுடும் என்பது வள்ளுவர் கருத்து. இங்கே நெஞ்சுக்கு ஒரு பதிவேடு, நாவுக்கு ஒரு பதிவேடு என்று மின்சுற்றிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். சுடுவதற்கு எதுவும் இல்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது பௌத்தத்தின் உள்ளிருந்தே வருவது. தேரவாத உரை மரபு உண்மையை இரண்டாக வகுக்கிறது: வழக்கு உண்மை, மேலான உண்மை. தேர் என்று ஒரு பொருள் தனியே இல்லை, சக்கரமும் அச்சும் நுகமும்தான் உண்டு. ஆனாலும் தேர் வருகிறது என்று சொன்னவர் பொய் சொன்னவர் ஆகமாட்டார். அப்படியானால் 0, 100 என்பனவும் வழக்குச் சொற்கள்தாமே? மீட்டர், மணி, ரூபாய் போல இவையும் வசதிக்காக வைத்துக்கொண்டவை. இவற்றில் பொய்யைத் தேடுவது வீண்வேலை என்று ஒருவர் சொல்லலாம். பாதி வழி நானும் அவரோடு வருவேன். 0 என்பது இயற்கையில் எங்கோ இருக்கும் புள்ளியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்குச் சொல் ஏன் உண்மையாகிறது என்பதற்கும் அதே உரை மரபு காரணம் சொல்கிறது: உலகம் அதில் உடன்பட்டிருப்பதால். உடன்பாட்டுக்கு இரண்டு தரப்பு வேண்டும். 100 ரூபாய் என்றால் என்ன என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். 0 என்றால் என்ன என்பது செய்தவருக்கு மட்டும் தெரிந்தால் அது வழக்கு ஆகாது, குழூஉக்குறி ஆகும். கண்டி யட்டிநுவர வீதிப் பக்கம் எந்தத் தொலைபேசிக் கடையிலும் தொங்கும் பவர் பாங்க்கைப் பார்த்தாலே போதும். மேலே 10,000 மில்லி அம்பியர் மணி என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண் உள்ளிருக்கும் கலத்தின் 3.7 வோல்ட்டில் அளந்தது. அதாவது 37 வாட் மணி. கருவி வெளியே தருவதோ 5 வோல்ட். அந்த அழுத்தத்தில் கணக்கிட்டால் 7,400க்கு மேல் போகவே முடியாது. மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் கழித்தால் 6,000 சொச்சந்தான் மிஞ்சும். அச்சிட்டது பொய் என்று நிறுவ முடியாது, வாங்குபவர் புரிந்துகொண்டது உண்மை என்றும் நிறுவ முடியாது. வழக்கு உண்மை என்ற குடையை இவ்வளவு தூரம் விரித்தால் அதன் கீழ் எந்த வியாபாரமும் ஒதுங்கலாம்.

இரண்டாவது மறுப்பு தமிழிலிருந்து வருகிறது, அதுவும் மிகப் பெரிய இடத்திலிருந்து. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு விலக்கு வைக்கிறார்: குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் வரிசையில் வைக்கலாம். எண் துள்ளாமல் பிடித்து வைப்பதும், மிச்சத்தை மறைத்து அவசரத்துக்குக் காப்பதும் பயனாளரின் நன்மைக்கே. அப்படியானால் குறளின் அனுமதி இருக்கிறதே? இந்த இடத்தில் குறளுக்கும் பாளி நூலுக்கும் இடையே மெய்யான வேறுபாடு ஒன்று இருக்கிறது. மஜ்ஜிம நிகாயத்தின் 58ஆவது சூத்திரத்தில் அபய இளவரசனுக்குப் புத்தர் தம் பேச்சின் விதியைச் சொல்கிறார். உண்மையா, பயனுள்ளதா, கேட்க இனியதா என்ற மூன்றையும் ஆம், இல்லை என்று மாற்றிமாற்றிச் சேர்த்தால் எட்டு வகை வரவேண்டும். சூத்திரத்தில் ஆறுதான் உள்ளன. உண்மையல்லாத, ஆனால் பயனுள்ள சொல் என்ற வகையே பட்டியலில் இல்லை. அதைத் தடுக்கவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. பேராதனையில் மெய்யியல் பேராசிரியராக இருந்த கே. என். ஜயதிலக, ஆதி பௌத்தத்தின் அறிவுக் கோட்பாடு பற்றி 1963இல் வெளியிட்ட ஆங்கில நூலில் உண்மைக்கும் பயனுக்கும் உள்ள உறவை ஆராயும்போது இந்தப் பட்டியலை எடுத்துக்கொள்கிறார். கேட்டதாலோ தர்க்கத்தாலோ மட்டும் எதையும் ஏற்காமல் அனுபவத்தில் சோதிக்கச் சொன்ன மரபாக ஆதி பௌத்தத்தைக் காட்டிய நூல் அது. நான் வள்ளுவரைக் கைவிடவில்லை. அவருடைய விலக்கில் குற்றமற்ற என்ற அடை இருக்கிறது. அதுதான் அந்தக் குறளின் சுமைதாங்கி. நன்மை செய்தேன் என்று சொல்பவருக்கே அந்த நன்மையால் இலாபமும் வருகிறது என்றால் குற்றமற்றது என்று யார் தீர்ப்பது?

இந்தக் கேள்வி கற்பனையல்ல. ஒருமுறை உலகமெங்கும் பேசப்பட்டது. பழைய ஐபோன்கள் மீதி இருக்கும்போதே திடீரென அணைந்துபோயின. காரணம் முன்பு சொன்ன உட்தடை. வயதான கலத்தில் அது கூடிவிடும். செயலி ஒரு கணம் அதிக மின்னோட்டத்தை இழுத்ததும் அழுத்தம் தரைக்குச் சரியும், கைபேசி சாகும். 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 பதிப்பில் ஆப்பிள் நிறுவனம் இதற்கு மருந்து வைத்தது: கலம் இளைத்த கைபேசிகளில் செயலியின் உச்ச வேகத்தைக் குறைப்பது. மருந்து சரியான மருந்து. ஆனால் வேகம் குறைந்ததற்குக் காரணம் பற்றரி என்று பயனாளருக்குச் சொல்லவில்லை. கைபேசிக்கே வயதாகிவிட்டது என்று நினைத்தவர் புதியதை வாங்கினார். அந்த டிசம்பரில் உண்மை வெளிவந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29க்கு இறக்கியது. 2018 மார்ச்சில் வந்த பதிப்பில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கத்தையும், வேகக் குறைப்பை நிறுத்தும் வசதியையும் சேர்த்தது. 2020இல் வழக்கை முடிக்க 50 கோடி டொலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. இதில் கவனிக்க வேண்டியது அதே வேகக் குறைப்பு இன்றும் இருக்கிறது என்பது. பெரிதாக எவரும் சண்டைக்கு வரவில்லை. செய்த செயலில் மாற்றமில்லை, சொன்னதுதான் புதிது. வழக்காடியவர்கள் கோபப்பட்டது மிச்சம் வைத்ததற்காக அல்ல, காட்டாததற்காக என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொய்க்கு எண்ணம் வேண்டும், இயந்திரத்துக்கு ஏது எண்ணம் என்று கேட்பவருக்கும் விடை உரைநூல்களிலேயே இருக்கிறது. பொய் முழுமையாக நான்கு உறுப்புகள் கூட வேண்டும் என்கிறார்கள்: சொன்னது உண்மையல்லாததாக இருக்க வேண்டும், ஏமாற்றும் மனம் வேண்டும், அதற்கான முயற்சி வேண்டும், கேட்டவர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். சில்லின் கணக்குத் தவறி 20க்குப் பதில் 24 என்று காட்டினால் இரண்டாவது உறுப்பு இல்லை. அது பிழை, பொய்யல்ல. அந்த அளவில் கருவியை விடுவித்துவிடலாம். ஆனால் கருவிக்குள் எழுதப்பட்ட நிரல் வானத்திலிருந்து விழவில்லை. எந்த எண்ணை மறைப்பது, எதைக் காட்டுவது என்று ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்து எழுதியிருக்கிறார். ஒருமுறை எழுதிய கட்டளை ஒவ்வொரு கைபேசியிலும் ஒவ்வொரு நிமிடமும் பேசுகிறது. சொல்லிவிட்டுப் போனவரின் வாய் இன்னும் மூடவில்லை. ஏமாற்றும் மனம் அவருக்கு இருந்ததா என்பதை நாம் வெளியிலிருந்து தீர்க்க முடியாது. பெரும்பாலானோருக்கு இல்லை என்றே நம்புகிறேன். குழப்ப வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். இருந்தும் பிழைக்கும் பொய்க்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. ஐயம் இருப்பது தெரிந்தும் ஐயமே இல்லாததுபோல் பேசுவது அந்த இடம். அளவை நூலார் அதைப் பாவம் என்று சொல்லவில்லை, போலி என்றார்கள். எனக்கு அந்தச் சொல்லே போதும்.

இந்த ஊருக்கு இது அந்நிய விவகாரமும் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு நடந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயலின் மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்தபோதும், ஒரு வீட்டுக்கு வெளியுலகத்தோடு இருந்த உறவு கைபேசியின் மீதியளவுதான். அந்த நேரத்தில் 15 என்ற எண்ணை நம்பி, ஒரு செய்தி அனுப்புவதா, டோர்ச்சாகப் பயன்படுத்துவதா, அணைத்து வைப்பதா என்று முடிவெடுக்கிறார்கள். இளைத்த பற்றரி 15இலிருந்து நேரே இருட்டுக்குப் போகக்கூடியது என்பதை அந்த எண் சொல்வதில்லை. இன்னொரு பக்கம், இந்தக் கலங்களின் மூலப்பொருளே இங்கே இருக்கிறது. கண்டிக்கு வடமேற்கே குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும், மேற்கே கேகாலை மாவட்டத்தின் போகலவிலும் தோண்டி எடுக்கப்படும் நரம்புக் காரீயம் உலகிலேயே தூய்மைக்குப் பெயர்பெற்றது. அதை லித்தியம் அயன் கலத்தின் எதிர்முனைக்குப் பக்குவப்படுத்தும் ஆய்வுகள் ஹந்தானை வீதியில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் நடந்துவந்திருக்கின்றன. ஜயதிலக அறிவின் எல்லைகளைப் பாடம் சொன்ன பேராதனையின் பொறியியல் பீடத்திலும் மின்சுற்று வடிவமைக்கக் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மெய்யியல் துறையும் பொறியியல் பீடமும் மகாவலியின் எதிரெதிர்க் கரைகளில் இருப்பதாலோ என்னவோ, ஒன்றின் கேள்வி மற்றதற்குக் கேட்பதில்லை.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. மலிவான டோர்ச்சுகளிலும் பவர் பாங்க்குகளிலும் நான்கு சிறு புள்ளிகள் எரிவதைப் பார்க்கிறோம். மீதி ஏறத்தாழ இவ்வளவு என்பதற்குமேல் அவை எதையும் கோருவதில்லை. 37 என்று துல்லியமாகக் காட்டும் விலையுயர்ந்த கைபேசியைவிட இந்த நான்கு புள்ளிகள் வாய்மை மிக்கவை என்பது என் தீர்ப்பு; தங்களுக்குத் தெரிந்த அளவுக்கே அவை பேசுகின்றன. எண்தான் வேண்டும் என்றால் 15க்கும் 25க்கும் இடையில் என்று காட்டலாம். கலம் முதுமையடைந்து ஐயம் கூடும்போது அந்த இடைவெளியும் விரியட்டும். 0க்குக் கீழே ஒதுக்கி வைத்தது இவ்வளவு, அது உங்கள் கைக்கு வராது, காரணம் இது என்று ஒரு வரி எழுதலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 யூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் புதிய கைபேசிகளின் பற்றரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. சட்டம் ஆயுளைக் கேட்கலாம் என்றால் வாய்மையையும் கேட்கலாம்.

கடைசியாக ஒரு மறுப்பு மிஞ்சுகிறது, அதிகம் கேட்கக் கிடைப்பதும் அதுதான்: சாதாரண சனங்களுக்கு இதெல்லாம் புரியாது, அவர்களுக்கு ஓர் எண் போதும். மழை வருமா வராதா என்று மலையைப் பார்த்து முடிவெடுத்துக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களைப் பற்றி இப்படிச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். உறுதியில்லாத செய்தியை வைத்து வாழத் தெரியாதவர் இந்த மலைநாட்டில் யாரும் இல்லை. மிச்சம் எவ்வளவு என்பதை மறைக்காமல் காட்டினால் யாருக்கு எந்த வயதில் புரியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அம்பலட்டிகையில் அந்த நீர்ப் பாத்திரத்தைப் பார்த்தபோது இராகுலனுக்கு வயது ஏழு என்கிறது உரைநூல்.